மணிக்கட்டு லேட்டரல்: பைசிஃபார்மைப் பாருங்கள்

மணிக்கட்டு லேட்டரல் (பக்கவாட்டு) எக்ஸ்ரேயில் கையை மட்டும் திருப்பி வைத்தால் போதாது. நோயாளியை மேசையை ஒட்டி உட்கார வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கச் செய்யுங்கள். சுண்டுவிரல் பக்கம் டிடெக்டர் (படம் பதிவாகும் தட்டு) மேல் படட்டும். அப்புறம் கையை இன்னும் கொஞ்சம் வெளிப்புறமாகச் சாய்த்தால்தான் முன்கையின் இரண்டு எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

படம் வந்ததும் நான் முதலில் தேடுவது பைசிஃபார்ம் என்ற பட்டாணி அளவு எலும்பை. அதன் உள்ளங்கைப் பக்க விளிம்பு, ஸ்கேஃபாய்ட், கேப்பிடேட் என்ற இரண்டு மணிக்கட்டு எலும்புகளின் உள்ளங்கைப் பக்க விளிம்புகளுக்கு நடுவே விழுந்தால் சரியான லேட்டரல். ஸ்கேஃபாய்டைத் தாண்டி முன்னால் வந்தால் கை அதிகம் வெளியே திரும்பிவிட்டது. பின்னால் போய் கேப்பிடேட் மேல் விழுந்தால் உள்ளே திரும்பிவிட்டது. ரேடியஸ் எலும்பு முறிவின் சாய்வை அளக்கும்போது இந்தச் சின்னத் திருப்பமே அளவை மாற்றிவிடும், அதனால் தயங்காமல் திரும்ப எடுங்கள்.

முன்கை ஏபி (முன்னிருந்து பின்னாக எடுக்கும்) படத்துக்கு உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவைக் குறுக்கே கடந்துவிடும். வலியில் திருப்ப முடியாதவரை மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.