உப்பிய மீன் டின்னைக் குப்பையில் போடாதீர்கள்

சிங்கப்பூரில் தேக்காவிலோ அடுக்குமாடி புளோக்குக் கீழே உள்ள மளிகைக் கடையிலோ வாங்கிய சார்டின் டின்னின் மூடி உப்பியிருக்கிறதா, அமுக்கினால் 'டக்' என்று உள்ளே போய் மறுபடி எழும்புகிறதா? திறக்காதீர்கள். "மோந்து பார்த்துச் சொல்றேன்" என்று கத்தியோடு வரும் ஆள் எல்லா வீட்டிலும் இருப்பார், அவர் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கிருமி வளர்ந்து வாயு சேர்ந்திருந்தால் திறக்கும்போது முகத்தில் தெறிக்கும், நரம்பைத் தாக்கும் போட்டுலிசம் நச்சுக்கோ வாடையே இல்லாமலும் போகலாம். ஏற்கெனவே சாப்பிட்டவருக்குப் பார்வை மங்கினால், இமை தொங்கினால், விழுங்கச் சிரமப்பட்டால் உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

டின் நன்றாக இருந்தும் மீன் கெட்டிருக்கலாம். மத்தி, சூரை, கானாங்கெளுத்தி போன்றவை பிடித்தபின் சரியாகக் குளிரூட்டப்படாவிட்டால் ஹிஸ்டமின் எனும் நச்சுப்பொருள் சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்றால் துப்பிவிடுங்கள் (மிளகாய் அள்ளிப்போட்டுச் சம்பல் செய்தால் இதுவும் தெரியாது).

சரி, டின்னை என்ன செய்வது? இரண்டு பைகளில் போட்டுக் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதற்கு முன் படம் எடுங்கள். பலர் பிராண்டை மட்டும் எடுத்து அனுப்புகிறார்கள், அதை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. மூடியிலோ அடியிலோ அச்சடித்திருக்கும் தொகுதி எண், காலாவதித் தேதி, லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இறக்குமதியாளர் பெயர், முகவரி, இவைதான் முக்கியம், ஏனென்றால் அதே தொகுதி வேறு எந்தெந்தக் கடைக்குப் போனது என்று தேட அதிகாரிகளுக்கு அங்கேதான் நூல் கிடைக்கும். ரசீதையும் சேர்த்து, சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப் படிவத்தில் புகார் கொடுங்கள். பெரியவர்கள் இன்னும் ஏவிஏ என்று பழைய ஆணையத்தின் பெயரைச் சொல்வார்கள், 2019 ஏப்ரலிலிருந்து உணவுப் பாதுகாப்பு இந்த அமைப்பின் பொறுப்பு.

அதிகாரிகள் கடையைச் சோதித்து, மாதிரி எடுத்து, தேவைப்பட்டால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளவும் உத்தரவிடலாம். கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று: அதிகாரிகள் முத்திரையிட்ட பெட்டியைச் சப்ளையரிடம் திருப்பி அனுப்பவோ அள்ளிக் கொட்டவோ கூடாது, அது தனிக் குற்றம். மற்ற டின்களை அலமாரியிலிருந்து இறக்கி, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒதுக்கி வையுங்கள், டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் எடுத்து வையுங்கள்.

கொடுத்த காசைத் திரும்பக் கேட்பது கடையோடு பேச வேண்டிய விஷயம். அங்கே ஒத்துவராவிட்டால் கேஸ் எனும் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம்.