பட்டாளத்து ஐயா எந்தெந்த நாட்டுக்குப் போனாருன்னு தேடுறது எப்படி

நம்ம பக்கம் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம்னு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வீடாச்சும் பட்டாளத்தார் வீடுன்னு இருக்கும். உங்க ஐயா, அதான் தாத்தா, எந்த ஊர்ல சண்டை போட்டாருன்னு கேட்டா எகிப்து, இத்தாலி, பர்மா எல்லாம் போனவருன்னு ஒரே மூச்சுல சொல்லுவாங்க, அதுக்கு மேல கேட்டா யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க முடியும். ஆனா பேரை கூகிள்ல போட்டுத் தேடுறதை முதல்ல விடுங்க. ரெண்டாம் உலகப் போர்ல இந்திய ராணுவத்துல 25 லட்சம் பேருக்கு மேல இருந்தாங்க, அதுல எத்தனை ராமசாமி எத்தனை கருப்பையா இருந்திருப்பாங்கன்னு நீங்களே பாத்துக்கங்க. சாதாரண சிப்பாய் பேரை எந்த ரிப்போர்ட்லயும் எழுத மாட்டான், யூனிட், அதாவது அவர் இருந்த படைப்பிரிவோட பேரைத்தான் எழுதுவான். யூனிட் போன இடம்தான் ஐயா போன இடம், அதனால தேட வேண்டியது ஆர்மி நம்பரையும் யூனிட்டையும்தான்.

அதுக்கு முதல் ஆதாரம் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். ட்ரங்க் பெட்டில மட்டும் தேடாதீங்க, நிலப் பத்திரம் வச்சிருக்கிற கட்டுல தேடுங்க, சர்க்கார் முத்திரை இருந்த காகிதம் எல்லாத்தையும் அந்தக் காலத்து ஆளுங்க ஒண்ணாத்தான் கட்டி வச்சாங்க. அதுல நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, அப்பா பேர், ஜாதி, கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கும். வெளிநாட்டு சர்வீஸ்னு ஒரு இடம் இருந்தா அங்க நாட்டோட பேர் இல்லாம வெறும் எழுத்தா இருக்கும். எம்.இ.எஃப்னா மத்திய கிழக்குப் படை, அதாவது எகிப்து, லிபியா பக்கம். பாய்ஃபோர்ஸ்னா ஈரான், ஈராக். சி.எம்.எஃப்னா இத்தாலி, கிரீஸ். சியாக்னா தென்கிழக்கு ஆசியா, பெரும்பாலும் பர்மா. இந்த நாலு எழுத்துக் கூட்டத்தையும் தேதியையும் எழுதி வச்சாலே பாதி பயணம் வரைபடத்துல வந்துரும்.

ஊர் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், இதுலதான் நிறைய பேர் தடம் மாறிடுறாங்க. அப்ப சிவகங்கைன்னு தனி மாவட்டம் கிடையாது, 1985லதான் பிரிச்சாங்க, காரைக்குடிக்காரர் ராம்நாட் (ராமநாதபுரம்) ஜில்லான்னுதான் பதிவாகியிருப்பார். திருமயம், பொன்னமராவதி பக்கம்னா அது 1948 வரைக்கும் புதுக்கோட்டை சமஸ்தானம், பிரிட்டிஷ் ஜில்லாவே இல்ல. திருப்பத்தூர்னு இருந்தா அப்ப வட ஆற்காடு ஜில்லாவுலயும் ஒரு திருப்பத்தூர் இருந்துச்சு, ஜில்லா பேரைப் பாக்காம நம்மாளுன்னு முடிவு பண்ணக் கூடாது. ராமசாமிங்கிற பேரை நாலு விதமா இங்கிலீஷ்ல எழுதியிருப்பான், பேர் கொஞ்சம் மாறியிருக்கேன்னு ஒதுக்கிடாதீங்க, அப்பா பேரும் ஊரும் ஒத்துவருதான்னு பாருங்க.

காகிதம் கரையான் அரிச்சுப் போச்சுன்னா மெடல். ரெண்டாம் போர் ஸ்டார் மெடல்னா ஆறு முனை வச்ச நட்சத்திரம், நடுவுல கிரீடமும் ராஜா முத்திரையும், சுத்தி மெடல் பேர். தயவு செஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. நூலான ரிப்பனையும் தூக்கிப் போடாதீங்க, ஏன்னா மெடல் தொலைஞ்சு ரிப்பன் மட்டும் இருந்தாலும் நிறத்தை வச்சே சொல்லிரலாம். மணல் நிறத்துல நடுவுல சிவப்புப் பட்டை இருந்தா ஆப்பிரிக்கா ஸ்டார். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்புன்னு வந்தா இத்தாலி ஸ்டார். கரு நீலத்துல நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சு கோடுன்னா பர்மா ஸ்டார். ஆப்பிரிக்கா ஸ்டார்னதும் பாலைவனம்னு மட்டும் நினைச்சுக்காதீங்க, எரித்ரியா, அபிசீனியா (இப்ப எத்தியோப்பியா) சண்டைக்கும் அதேதான் கொடுத்தான். ஐயா இல்ல, அவரோட அப்பா காலம், அதாவது முதல் போர்னா இன்னும் சுலபம், அந்த வட்ட மெடலோட விளிம்பைத் திருப்பிப் பாருங்க, நம்பரும் பேரும் யூனிட்டும் பொறிச்சிருக்கும். ஆனா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடையில வாங்கின மெடலை வச்சு குடும்ப வரலாறு எழுதாதீங்கப்பா!

ரெண்டு ஸ்டாரைச் சேத்துப் பாக்குறதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வேலை. ஆப்பிரிக்காவும் இத்தாலியும் ஒரே ஆளுகிட்ட இருந்தா 4, 8, 10ன்னு மூணு இந்திய டிவிஷனை முதல்ல பாக்கணும், டிவிஷன்னா நிறைய யூனிட் சேந்த பெரிய படை. நாலாவது டிவிஷன் 1940 டிசம்பர்ல எகிப்துல சிடி பர்ரானில சண்டை போட்டு, அப்படியே சூடான் வழியா எரித்ரியா போய் 1941ல கெரன் மலைல ஏறி, மறுபடி பாலைவனத்துக்கு வந்து, 1943ல துனிசியா, 1944ல இத்தாலில கசினோ, அந்த வருஷக் கடைசில கிரீஸ். ஆப்பிரிக்காவும் பர்மாவும் சேந்து இருந்தா அஞ்சாவது டிவிஷனைப் பாருங்க. அதுவும் கெரன்ல இருந்துச்சு, பாலைவனம், ஈராக் எல்லாம் முடிச்சு இந்தியா திரும்பி, பர்மா அரக்கான் போய், 1944 மார்ச்ல பிளேன்ல ஏத்தி இம்பால்ல இறக்கினாங்க, அங்கிருந்து ரங்கூன் ரோடு, 1945ல சிங்கப்பூர், கடைசில ஜாவால சுரபயா. சண்டைதான் முடிஞ்சிருச்சே, அப்புறம் ஏன் ஐயா 46 வரைக்கும் ஊருக்கு வரலைன்னு கேக்குற வீடுகளுக்கு இந்த ஜாவா மாதிரி ஏதாச்சும் ஒண்ணு பதிலா இருக்கலாம்.

காலாட்படைன்னு வீட்ல சொன்னாலும் சந்தேகப்பட்டுப் பாருங்க. மதராஸ் காலாட்படை பட்டாலியன்களை 1920கள்ல கலைச்சுட்டு ரெண்டாம் போர் நடுவுலதான் திரும்ப எழுப்பினாங்க, அது போன பக்கம் பெரும்பாலும் பர்மா. அதனால ஆப்பிரிக்காவும் இத்தாலியும் பாத்த தமிழ் ஆளு மதராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), சர்வீஸ் கோர் (சப்ளை, வண்டி வேலை), பயனியர் (ரோடு, கட்டுமான வேலை) இதுல ஒண்ணா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. வீட்ல இருக்கிறவங்களுக்கு எல்லாமே பட்டாளம்தான். சாப்பர்னு தெரிஞ்சா மட்டமா நினைச்சுக்காதீங்க, காலாட்படைக்கு முன்னாடி போய் கண்ணிவெடி எடுத்ததே அவங்கதான், கசினோல மதராஸ் சாப்பர்ஸோட 12வது ஃபீல்ட் கம்பெனி இருந்துச்சு. முதல் போர்னா கதை வேற, 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பர்ல கிழக்கு ஆப்பிரிக்கா டாங்கால போய் இறங்கினது.

பர்மா விஷயம் நம்ம ஊருக்கே உள்ள சிக்கல். செட்டிநாட்டுல பர்மான்னா முதல்ல கடைதான், வட்டிக்கடைல அடுத்தாளா, அதாவது உதவிக்கு இருக்கிற ஆளா, போனவங்க எத்தனையோ பேர், 1942ல ஜப்பான்காரன் வந்ததும் காடு வழியா நடந்து வந்தவங்களும் உண்டு. ஐயா பர்மாலருந்து நடந்து வந்தாருன்னு அப்பத்தா சொன்னா அது சிப்பாயா பின்வாங்கி வந்ததா, கடைய விட்டுட்டு வந்ததான்னு கேளுங்க. எந்த வயசுல போனாரு, யார் கூட்டிட்டுப் போனா, சம்பளம் யார் கொடுத்தா, இப்படிக் கேட்டா தன்னால பிரிஞ்சிரும். மலாயாவுல இருந்தவர்னா ஐ.என்.ஏவான்னும் (நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம்) கேக்கணும், அதுக்குத் தேடுற பாதையே வேற.

கடிதம் இருந்தா எழுதினதை விட முத்திரையைப் பாருங்க. சென்சார் இருந்ததால எந்த ஊர்ல இருக்கோம்னு எழுத விட மாட்டான், உள்ள நலம் நலமறிய அவாதான் இருக்கும். ஆனா மேல எஃப்.பி.ஓன்னு போட்டு ஒரு நம்பர் குத்தியிருக்கும், அது ராணுவத் தபாலாபீஸ் நம்பர். எந்த நம்பர் எந்த மாசம் எங்க இருந்துச்சுன்னு தபால்தலை சேக்குறவங்க பட்டியலே வச்சிருக்காங்க, அவங்ககிட்ட முத்திரையோட போட்டோவைக் காட்டுங்க.

யூனிட் தெரிஞ்சப்புறம்தான் வார் டைரி. ஒவ்வொரு யூனிட்டும் தினம் எங்க இருந்தோம் என்ன செஞ்சோம்னு எழுதினது. லண்டன்ல க்யூங்கிற இடத்துல இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல (அரசு ஆவணக் காப்பகம்) மத்திய கிழக்கு டைரி டபிள்யூ.ஓ (வார் ஆபீஸ்) 169, இத்தாலி 170, பர்மா 172, முதல் போர் 95ன்னு வரிசை. காசு கட்டினா காப்பி எடுத்து அனுப்புவாங்க. வரிசை நம்பரை விட யூனிட் பேரைச் சரியா எழுதுறதுதான் முக்கியம்.

ஐயா திரும்பி வராதவர்னா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட தளத்துல தேடலாம், இங்க மட்டும் பேரை வச்சும் தேடலாம், ஏன்னா இறந்தவங்களை தனித்தனியா பதிஞ்சிருக்காங்க. நிறைய பேருக்கு அப்பா பேரும் ஊரும் கூட போட்டிருக்கும். பர்மால இறந்து உடல் கிடைக்காதவங்க பேர் தாவ்க்யான்ல இருக்கிற ரங்கூன் நினைவுத் தூண்கள்ல இருக்கு, மலாயா, சிங்கப்பூர்னா சிங்கப்பூர்ல கிராஞ்சில இருக்கிற நினைவிடம்.

ஆபீஸ் வேலையும் விட்ராதீங்க. சிவகங்கைலயும் புதுக்கோட்டைலயும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, ரெண்டாம் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் மாநில அரசு மாச உதவித்தொகை கொடுத்ததால, அப்பத்தா எப்பவோ மனு போட்டிருந்தா டிஸ்சார்ஜ் காப்பி அந்த ஃபைல்ல கிடக்கலாம். அடுத்தது ரெக்கார்ட் ஆபீஸ், மதராஸ் ரெஜிமெண்ட்னா நீலகிரில இருக்கிற வெலிங்டன், சாப்பர்ஸும் பயனியரும் பெங்களூர். பென்ஷன் இல்லாதவங்க ஃபைலை அழிச்சிட்டோம்னு பதில் வந்தா அதோட விட்ராதீங்க, லாங் ரோல்னு ஒரு பதிவேடு இருக்கும், அதுல இருக்கிற பதிவோட நகல் வேணும்னு தனியா எழுதிக் கேளுங்க. பத்து ரூபா போஸ்டல் ஆர்டர் வச்சு தகவல் உரிமைச் சட்டத்துல போட்டா ஏதோ ஒரு பதில் எழுத்துல வரும். நம்பர், பேர், அப்பா பேர், பழைய ஜில்லா, நீங்க என்ன உறவு, இது எல்லாம் முதல் மனுவுலயே இருக்கட்டும். ஒரிஜினல் காகிதத்தை மட்டும் யார் கேட்டாலும் தபால்ல அனுப்பாதீங்க, ஜெராக்ஸ் போதும்.