இறுதி நாட்களில் இருக்கும் நோயாளியிடம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பது எப்படி?

முதலில் படுக்கையருகே உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்கும் கேள்வி அல்ல இது. "இதையெல்லாம் தாங்கும் பலம் உங்களுக்கு எதிலிருந்து கிடைக்கிறது?" என்றுதான் நான் தொடங்குவேன். மதத்தைக் கேட்டால், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் அங்கேயே பேச்சை முடித்துவிடுவார். சிகிச்சை குறித்து முடிவெடுப்பதில் அந்தப் பலம் எவ்வளவு முக்கியம், உடன் யார் இருக்க வேண்டும், நாங்கள் என்ன செய்யலாம் என்பவை அடுத்து வரட்டும்.

செவிலியராக என் தொடக்க நாட்களில் ஒரு முதியவர், "கடவுள் என்னைத் தண்டிக்கிறாரா?" என்றார். அவசரமாக "இல்லை" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றும் அது என்னை உறுத்துகிறது. இப்போதெல்லாம், "எதற்காகத் தண்டிப்பதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பல முறை, மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவரின் பெயர் வெளிவரும். அவரை வரவழைக்க முயலுங்கள். உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் பின்னிய இந்த வேதனையைத்தான், இறுதிக்காலப் பராமரிப்பின் முன்னோடி மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 'முழுமையான வலி' என்றார். அதற்காக வலி நிவாரணியான மார்ஃபினைக் குறைத்துவிடாதீர்கள். உடல் வலியில் துடிப்பவரால் பிரார்த்திக்கக்கூட முடியாது.

நோயாளி விரும்பினால் மட்டும் சேர்ந்து பிரார்த்தியுங்கள், அவருடைய சொற்களில். பேச்சு நின்றபின்பும் காது கேட்கக்கூடும். அவருக்குப் பிடித்த வரிகளைக் கையைப் பிடித்தபடி மெதுவாகச் சொல்லுங்கள்.