ஜிப்ஸி கிரவுனுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க: பிரீதர் ஹோஸை மேலே ஏற்றுவது எப்படி?

ஸ்நார்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) மாட்டிய மாருதி ஜிப்ஸிகளை எங்கும் பார்க்கலாம். கீழே குனிந்து பார்த்தால் பல வண்டிகளில் ஆக்சிலின் காற்றுப் போக்கியான பிரீதர் மட்டும் கம்பெனி வைத்த இடத்திலேயே, முழங்கால் உயரத்தில், சேறு அப்பிக் கிடக்கும். ஸ்நார்கல் காப்பாற்றுவது இன்ஜினைத்தான். ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர் பகுதியான கிரவுனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓடையில் இறங்கும் பழக்கம் இருந்தால் ஸ்நார்கலுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்துப் பொருள் செலவு ஆயிரம் ரூபாய் பக்கம்தான் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இங்கே சொல்வது ஜிப்ஸியை வைத்து. முன்னும் பின்னும் முழு ஆக்சில் இருக்கும் பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிம்னி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மஹிந்திரா தார் பற்றி நடுவில் ஒரு வரி இருக்கிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

ஓடும்போது கிரவுன் ஹவுசிங் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். விரிந்த காற்று வெளியேற ஹவுசிங் மேலே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அதுதான் பிரீதர். ஒரு மணி நேரம் மலை ஏறிவிட்டு நேராக ஓடைக்குள் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிர்ந்துவிடும். 80 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கும் காற்று தன் அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். உள்ளே 2 லிட்டர் காற்று இருந்தால் 300 மில்லி அளவுக்கு வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் தண்ணீருக்கு அடியில் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் உதடுகளின் வழியாக இழுக்கும். சீல் என்ற ரப்பர் வளையத்தை வைத்ததே உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் இருக்கத்தான். வெளியிலிருந்து வரும் இழுப்பை அது தாங்காது.

ஆக, பிரீதரின் வாய் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வண்டி ஒரு ராத்திரி நின்ற பிறகு, காலையில் எடுப்பதற்கு முன், அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், முதல் சொட்டாக அதுதான் வரும். ஏற்கனவே கலக்கி அடித்துவிட்டிருந்தால் தனியாகப் பிரியாது. ஆயில் ஊற்றும் ஃபில்லர் துளையில் விரல் விட்டுப் பார்த்தால் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கும். அந்த ஆயிலோடு ஹோஸ் மாட்டுவதில் அர்த்தம் இல்லை, முதலில் மாற்றுங்கள்.

மாற்றும்போது ஃபில்லர் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். டிரெயினை முதலில் திறந்து ஆயில் முழுக்க வடிந்த பிறகு, ஃபில்லர் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது என்று தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். இறுகியிருந்தால் முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்து, காலையில் நீளமான கைப்பிடி போட்டுத் திருப்புங்கள்.

கிரவுனில் இருக்கும் ஹைபாய்டு வகை கியருக்கு ஜி.எல்-5 தர ஆயில் வேண்டும். பொதுவாக 80டபிள்யூ-90 போதும். அளவு முன் ஆக்சிலுக்கு 2 லிட்டர், பின்னுக்கு 1.5 லிட்டர் பக்கம் வரும். ஆனால் லிட்டர் கணக்கை விட்டுவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஃபில்லர் துளையில் வழியும் வரை ஊற்றுவதே சரி. சரிவில் நிறுத்தி ஊற்றினால் கூடுதலாகப் போய்விடும். அந்தக் கூடுதல் ஆயில் பிறகு பிரீதர் ஹோஸில் ஏறி வரும்.

கழுவ டீசல் ஊற்றலாமா என்றால், ஊற்றி வண்டியை ஓட்டவே கூடாது. மலிவான அதே தர கியர் ஆயிலை ஊற்றி ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி வடித்துவிட்டு, நல்ல ஆயிலை ஊற்றுவதுதான் பாதுகாப்பு. டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சகஜம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் கிரவுனைத் திறந்து பார்க்க வேண்டும், இந்தப் பதிவு அதற்கு உதவாது.

வாங்க வேண்டியவை

6 எம்.எம் உள்விட்டம் உள்ள பெட்ரோல் ஹோஸ் 5 மீட்டர், அதற்கான ஸ்டீல் கிளிப் எட்டு, இரண்டு ஹோஸ் நிப்பிள் (ஹோஸை ஏற்றும் மரையுள்ள குழாய்த் துண்டு), ரப்பர் உறை போட்ட பி-கிளாம்ப் பத்து, கேபிள் டை ஒரு பாக்கெட், பைக்குக்குப் போடும் வலை வகை பெட்ரோல் ஃபில்டர் இரண்டு.

மீன்தொட்டிக்குப் போடும், கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் டியூபை வாங்காதீர்கள். சூட்டில் மடிந்து ஒட்டிக்கொள்ளும், ஆறு மாதத்தில் விறைத்து விரிசல் விடும். கம்ப்ரஸருக்குப் போடும் நீல நிற பி.யூ டியூப் பார்க்க அழகாக இருக்கும், மாட்டுவதும் சுலபம். ஆனால் சைலன்சர் பக்கம் போனால் உருகும். அதுதான் வேண்டும் என்றால் நைலான் டியூபாகக் கேளுங்கள். என் ஓட்டு சாதாரண பெட்ரோல் ஹோஸுக்குத்தான். எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும், வழியில் அறுந்தாலும் மாற்றிவிடலாம்.

ஃபில்டரில் காகித வகை வேண்டாம். ஒருமுறை ஈரமானால் காற்றை விடாது. உள்ளே நைலான் வலை தெரிகிற வகையை வாங்குங்கள்.

பழைய பிரீதரைக் கழற்றுதல்

கழற்றுவதற்கு முன் அந்த இடத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். சேறோடு கழற்றினால் அந்தச் சேறு நேராகக் கிரவுனில்தான் விழும்.

சில வண்டிகளில் ஏற்கனவே ஒரு குட்டி ஹோஸ் சேஸ் வரை போயிருக்கும். அப்படியென்றால் வேலை பாதி முடிந்தது, அதையே நீட்டினால் போதும். தொப்பி வைத்த வால்வாக இருந்து, தண்டு குழாயாக இருந்தால் தொப்பியை மட்டும் பிளையரால் நெம்பி எடுத்துவிட்டுத் தண்டிலேயே ஹோஸை ஏற்றலாம். இல்லையென்றால் முழுதாகக் கழற்றி அதே மரையுள்ள நிப்பிளைப் போட வேண்டும்.

மரை அளவை ஊகிக்காதீர்கள். கழற்றிய பிரீதரைக் கையில் எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குப் போங்கள். சென்னையில் பாரிமுனை பக்கம், பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. கடைக்காரரிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது, நேர் மரையா, கூம்பு மரையா என்று. நேர் மரைத் துளையில் கூம்பு மரை நிப்பிளைத் திருகினால் முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், பிறகு மரையைத் தின்றுவிடும். நேர் மரைக்குச் செம்பு வாஷர் போடுங்கள். கூம்பு மரைக்கு டெஃப்ளான் டேப் இரண்டு சுற்று, முனையில் முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் டேப் பிசிறு ஹவுசிங் உள்ளே போகும்.

ஹோஸ் ஓட்டம்: முக்கால்வாசிப் பேர் தடுமாறும் இடம்

ஆக்சில் மேலும் கீழும் ஆடும், சேஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் ஹோஸுக்குத் தளர்வு வேண்டும். அதே நேரம் தளர்வு கீழே தொங்கவும் கூடாது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும்.

தளர்வு போதாவிட்டால், ஒரு சக்கரம் குழியில் தொங்கும் முதல் தடவையே ஹோஸ் நிப்பிளை விட்டு உருவிக்கொள்ளும். இது பழைய பிரீதரை விட மோசமான நிலை. பழையதிலாவது வால்வு இருந்தது. இப்போது ஹவுசிங் மேலே 6 எம்.எம் திறந்த ஓட்டை, தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

தளர்வு தொங்கினால் வேறு தொல்லை. வேகமாக ஓடும்போது ஆயில் ஆவி ஹோஸில் ஏறி, குளிர்ந்து, சொட்டாகித் தாழ்ந்த வளைவில் தேங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஹோஸை அடைக்கும். அடைத்த பிரீதர் என்றால் உள்ளே அழுத்தம் ஏறும், பினியன் சீல், ஆக்சில் சீல் வழியாக ஆயில் கசியும். பின் ஆக்சிலில் அது நேராகப் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும். பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் காரணம் பிரீதர் ஹோஸ் என்று யாருக்கும் தோன்றாது.

இரண்டையும் சமாளிக்கும் வழி இது. சேஸை ஜாக்கியில் தூக்கி, சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, ஆக்சிலை முழுசாகத் தொங்க விடுங்கள். இந்த நிலையில்தான் நீளம் அளக்க வேண்டும். அளந்ததற்கு மேல் 15 சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். தரையில் நிற்கும் வண்டியில் அளந்தால் கட்டாயம் குறையும். ஆக்சிலிலிருந்து சேஸுக்குத் தாவும் இடமாக, பிரேக் ஃபிளெக்சிபிள் ஹோஸ் தாவும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எவ்வளவு ஆட்டம் வரும் என்று கம்பெனி ஏற்கனவே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறது. ஆனால் பிரேக் ஹோஸோடு சேர்த்து டை போடவே கூடாது, உரசி உரசி அதை வெட்டிவிடும். சேஸில் முதல் பி-கிளாம்பை ஆக்சில் நிப்பிளை விட நன்றாக உயரத்தில் வைத்து, கூடுதல் நீளத்தை மேல்நோக்கிய வில்லாக விடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது அந்த வில் பக்கவாட்டில் பிதுங்கலாம், நிப்பிள் மட்டத்துக்குக் கீழே வரக் கூடாது. முதல் கிளாம்புக்குப் பிறகு முனை வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்கும் இறங்கக் கூடாது.

அடுத்து ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்னொன்றைத் தொங்க விட்டுப் பாருங்கள். ஆக்சில் சாயும்போது ஹோஸ் ஸ்பிரிங் பட்டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (ஆக்சில் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) நடுவே சிக்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வண்டியை உயர்த்த நீள ஷேக்கிள் (பட்டையைச் சேஸோடு இணைக்கும் துண்டு), உயரப் பட்டை போடும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள். தொங்கும் அளவு மாறும்.

தாரில் முன் டிஃபரன்ஷியல் சேஸிலேயே உட்கார்ந்திருப்பதால் முன்பக்கம் இந்தத் தலைவலி கிடையாது. பின் ஆக்சிலுக்கு மட்டும் பாருங்கள். 2020 தாருக்கு 650 எம்.எம், ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 எம்.எம் என்று கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழத்தையும் ஒருமுறை நாடாவில் அளந்து, உங்கள் பிரீதர் வாய் அதற்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முனையை எங்கே விடுவது

முன் ஆக்சில் ஹோஸ் ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) உச்சியில், இன்ஜின் பக்கமாக, பானெட் கீல் மட்டத்தில். பின் ஆக்சில் ஹோஸ் டெயில் லாம்புக்குப் பின்னால் பாடித் தகட்டின் உட்குழிவில் மேலே, துளைக்குக் குரோமெட் (ரப்பர் வளையம்) போட்டு. கேபினுக்குள் விட்டால் ஜி.எல்-5 ஆயிலின் கந்தக நாற்றம் போகவே போகாது. முனையில் ஃபில்டரை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், மேலிருந்து விழும் தண்ணீரும் தூசியும் இறங்காது.

ஏர் ஃபில்டர் பெட்டியிலோ ஸ்நார்கலிலோ கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். ஃபில்டர் அழுக்கானதும் இன்ஜின் இழுப்பு கூடி, ஆக்சில் ஆயில் ஆவியையும் சேர்த்து இழுக்கும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் பிரீதர் ஹோஸையும் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டுச் சேர்க்கலாம். ஆக்சில்களை மட்டும் தனித்தனியாகவே விடுங்கள். ஒரு ஃபில்டரில் ஆயில் தெரிந்தால் எந்த ஆக்சில் என்று தேட வேண்டியதில்லை.

சரியாக இருக்கிறதா?

வாயால் ஊதினால் தடை இல்லாமல் போக வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள், சீல் பிதுங்கும். இன்னொரு சோதனை: பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஃபில்டரைக் கழற்றி, ஹோஸ் வாயில் சோப்பு நுரைப் படலம் ஒன்றைப் பிடியுங்கள். ஒருவர் ஹவுசிங் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றட்டும். படலம் உள்நோக்கிக் குழிந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது வேறு எங்கோ காற்று புகுகிறது.

இதெல்லாம் செய்தாலும் சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் போகத்தான் செய்யும். ஜிப்ஸியின் முன் ஆக்சிலில் ஸ்டியரிங் நக்கிள் உருண்டையைச் சுற்றியுள்ள சீல் தனி. பிரீதருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே கிரீஸ் கூழாகி ஒழுகினால் உள் ஆக்சில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். ஓடைக்கு முன் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி ஆக்சிலை ஆற விடுவது இவை எல்லாவற்றையும் விட மலிவான பாதுகாப்பு.

பின்னர் சேர்த்தது

மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் ஹோஸ் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டிவிடுகிறது. ஃபில்டர் போடாமல் வாயை வெறுமனே விட்டவர்களுக்குத்தான் இது அதிகம். வண்டியை எடுக்கும் முன் ஊதிப் பாருங்கள்.

ஃபில்டரில் ஆயில் ஏறுகிறது என்றால் முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதிகம் ஊற்றியதாகத்தான் இருக்கும். மட்டம் சரியாக இருந்து, வேகமாக ஓட்டும்போது மட்டும் ஏறினால் நிப்பிளுக்கு மேலே ஹோஸ் செங்குத்தாக ஏறும் நீளம் குறைவு. முதல் 20 சென்டிமீட்டரை நேராக மேலே கொண்டுபோனால் ஏறிய ஆயில் திரும்ப வடிந்துவிடும்.

வாரண்டியில் இருக்கும் புது வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். ஆர்.சி. விவரம் எதையும் இது மாற்றாததால் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நினைத்துப் பயம் வேண்டாம்.