ஏரியைச் சீரமைக்கப் போய்த் தொட்டியாக்கிவிடாதீர்கள்

தென்சென்னையில் எங்கள் பகுதி ஏரியைச் சில ஆண்டுகளுக்கு முன் 'அழகுபடுத்தினார்கள்'. சுற்றிலும் நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு, நடுவில் ஒரு தீவு. அடுத்து வந்த மழையில் ஏரி பாதிகூட நிரம்பவில்லை; பக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர். போய்ப் பார்த்தால், வரத்துக் கால்வாயை மூடி அதன்மேல் பாதை போட்டு, அடியில் ஓரடிக் குழாய் ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதன் வாயில் ஒரு இளநீர் மட்டையும் நாலைந்து பால் கவரும் சிக்கிக்கொண்டிருந்தன.

தண்ணீர் தெரிகிற பரப்பை மட்டும் ஏரி என்று நினைப்பதால் வரும் வினை இது. மேல் ஏரி நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். தென்சென்னையில் இப்படி வழிந்து வருவதில் பெரும்பகுதி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரம் போகிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் வெள்ளம் தெருவைத்தான் தேடும். அதனால் திட்டம் போடுமுன் நல்ல மழை நாளில் குடையோடு கால்வாய் நெடுக ஒருமுறை நடந்துவிடுங்கள். வரைபடத்தில் இல்லாத அடைப்பெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆழப்படுத்தும் மோகம். வண்டலை எடுப்பது சரி. அந்தக் காலத்தில் அதை வண்டி கட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் கிண்ணம் மாதிரி செங்குத்தாகத் தோண்டி, சுற்றிலும் கல் பதித்தால் ஓரத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்கும் சரிவு போய்விடும். கோரையும் சம்பும் முளைப்பது அங்கேதான். உள்ளானும் நாரையும் இரை தேடுவதும் அங்கேதான். ஏரிக்குள் வரும் அழுக்கில் ஒரு பங்கைப் பிடித்து வைப்பவை அந்தச் செடிகளும் வேரில் வாழும் நுண்ணுயிர்களும். பார்வைக்குப் புதர், செய்வது வடிகட்டி வேலை.

ஆகாயத்தாமரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீரை நிறுத்தாமல் பொக்லைன் வைத்து அள்ளினால், சில மாதத்தில் திரும்பப் படரும். முதலில் சாக்கடை வாயை அடைத்துவிடுங்கள்.

அப்புறம் மரம். எங்கே காலி இடம் கண்டாலும் கன்று நடும் ஆசை நல்லதுதான், ஆனால் சதுப்பு நிலம் காலி இடம் இல்லை. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணை, புல்லும் கோரையும் வெட்ட வெளியுமாக இருக்கவேண்டிய இடம். மழை நீரைத் தாங்கி மெல்ல விடுவது அதன் வேலை. 'சும்மா கிடக்கும் நிலம்' என்று பார்த்துப் பார்த்தே அதன் பெரும்பகுதியை இழந்தோம். பெருங்குடிக் குப்பை மேடு வந்ததும் அப்படித்தான். மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. ஏரி போய், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது இன்னொரு தொல்லை. எங்கள் ஏரிக் குழாயை மாற்றச் சொல்லிக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதுவரை, புரட்டாசி பிறந்ததும் நாங்கள் இரண்டு பேர் நீளக் கம்பியோடு போய் அதைக் குத்திவிட்டு வருகிறோம்.