தண்டர்பேர்டில் ஆஃப்லைன் மெயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலில் ஜிமெயிலையோ அலுவலக ஐமேப் கணக்கையோ (ஐமேப் என்பது மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் காட்டும் முறை) சேர்த்ததுமே, மெயில்களின் நகலைக் கணினியில் இறக்கிவைக்கும் வேலை தானாகத் தொடங்கிவிடும். இணையம் இல்லாதபோதும் பழைய மெயிலைப் படிக்க முடிவது இதனால்தான். இதற்கான அமைப்புகள் ஒரே பக்கத்தில் இருக்கின்றன: அக்கவுன்ட் செட்டிங்ஸில் உங்கள் கணக்கின் பெயருக்குக் கீழே, 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்'. ஆபத்தும் அங்கேதான். எவ்வளவு நகல் வேண்டும் என்று கேட்கும் அமைப்பும், அசல் மெயிலையே அழித்துவிடும் அமைப்பும் அந்தப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன.

நாள் கணக்கு இரண்டு இடத்தில் வரும்

கணினியில் இடம் குறைகிறது, கடைசி 30 நாள் மெயில் மட்டும் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தொட வேண்டியது 'சிங்க்ரனைஸ் த மோஸ்ட் ரீசன்ட்' என்ற வரி. அதில் எண்ணைப் போட்டு, பக்கத்தில் நாட்கள் என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. பழைய மெயில்கள் சர்வரில் அப்படியே இருக்கும்.

பலர் அதற்குச் சற்றுக் கீழே உள்ள 'டெலீட் மெசேஜஸ் மோர் தேன் 30 டேஸ் ஓல்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பெயரைப் பார்த்தால் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு போலத்தான் இருக்கும். உண்மையில் அது கணினியில் உள்ள நகலோடு சர்வரில் உள்ள அசலையும் சேர்த்து அழிக்கிறது. அந்த மெயில்கள் டிராஷுக்குப் போவதில்லை. போனிலும் வெப்மெயிலிலும் மறைந்துவிடும். மேலே உள்ள விளக்க வரியில் இது எழுதியிருக்கிறது, ஆனால் அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. ஐமேப் கணக்குகளில் இந்தப் பகுதி எப்போதும் 'டோன்ட் டெலீட் எனி மெசேஜஸ்' என்றே இருக்கட்டும். 'சமீபத்திய 2000 மெயில்கள் தவிர மற்றவற்றை அழி' என்ற பொருள்படும் வரியும் இதே ரகம்தான்.

கணக்கு அளவில் சரியாக இருந்தும் ஒரு கோப்புறையில் மட்டும் மெயில் காணாமல் போகிறதா? அந்தக் கோப்புறையை வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் 'ரிடென்ஷன் பாலிசி' பகுதியைப் பாருங்கள். அங்கே தனி விதி வைத்திருக்கக்கூடும்.

தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் முதல் வேலை, அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டிப்பது. பிறகு அமைப்பை மாற்றிவிட்டு, வேறு கருவியில் வெப்மெயிலைத் திறந்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஜிமெயிலில் இன்பாக்ஸிலிருந்து போனது 'ஆல் மெயில்' கோப்புறையில் இருக்க வாய்ப்புண்டு. அலுவலகக் கணக்கென்றால் நிர்வாகியிடம் அன்றே சொல்லுங்கள். சர்வர் பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆஃப்லைன் நகல் பேக்கப் ஆகாது

ஐமேப் என்பது கண்ணாடி மாதிரி. சர்வரில் ஒரு மெயில் அழிந்தால், அடுத்த முறை இணையும்போது கணினி நகலும் போய்விடும். வேலையை விட்டு விலகும்போதும், கல்லூரி முடித்துக் கணக்கு மூடப்படும்போதும், 'எல்லாம் என் லேப்டாப்பில் இருக்கிறது' என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். உங்களுக்கு உரிமையுள்ள, உண்மையிலேயே வேண்டிய மெயில்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'காப்பி டூ' கொடுத்து, கணினியில் மட்டும் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழ் ஒரு கோப்புறையில் போடுங்கள். 'மூவ் டூ' கொடுத்தால் சர்வரிலிருந்து நீங்கிவிடும், கவனம்.

இந்த வேறுபாடு ஹார்ட் டிஸ்க்கிலும் உண்டு. ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' வழியாக, தண்டர்பேர்ட் தன் மெயில்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் ப்ரொஃபைல் கோப்புறையைத் திறந்தால் ஐமேப்மெயில், மெயில் என்று இரண்டு தெரியும். முதலாவதில் இருப்பது சர்வர் மெயில்களின் நகல். அது போனாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவதில் லோக்கல் ஃபோல்டர்ஸும், மெயிலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறைக் கணக்குகளும் இருக்கின்றன. அவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லாமல் இருக்கலாம். இடம் வேண்டும் என்று அதில் கை வைக்காதீர்கள்.

அழித்தும் இடம் குறையவில்லையா?

வழக்கமான அமைப்பில், ஒரு கோப்புறையின் எல்லா மெயில்களும் எம்பாக்ஸ் வடிவில் ஒரே நீளமான கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. மெயிலை அழித்தால் 'இது அழிந்தது' என்ற குறி மட்டும் விழும். எழுத்துகள் கோப்புக்குள்ளேயே கிடக்கும். ஃபைல் மெனுவில் 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' கொடுத்தால் கோப்பு சுருங்கும். இந்த வேலைக்கு இன்னொரு தற்காலிகக் கோப்பு உருவாகும் என்பதால், மிகப் பெரிய கோப்புறையின் அளவுக்காவது காலியிடம் வேண்டும். வட்டு முழுக்க நிறைந்த பிறகு காம்பாக்ட் செய்ய முயல்வதும், பாதியில் நிரலை மூடுவதும் கோப்பு கெட்டுப்போகக் காரணமாகும்.

ஒரே கோப்பு என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. ப்ரொஃபைலை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைத்தால், ஒரு புதிய மெயில் வந்தாலும் சில ஜிபி கோப்பு மாறியதாகக் கணக்காகும்; நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு புகுந்தால் கோப்பு சிதையும். அங்கே வைக்கவே கூடாது.

50 கேபி வரம்பு

'டோன்ட் டவுன்லோட் மெசேஜஸ் லார்ஜர் தேன்' என்ற பெட்டியில் 50 கேபி என்று நிரப்பியிருக்கும். அப்படியே டிக் செய்தால் இணைப்புள்ள மெயில்களில் பெரும்பாலானவை ஆஃப்லைனில் இருக்காது. ரயிலில் போகும்போது டிக்கெட் பிடிஎஃப்பைத் திறந்தால், உள்ளடக்கம் இறக்கப்படவில்லை என்ற செய்திதான் வரும். வரம்பு வேண்டுமென்றால் 10,000 கேபி போல வையுங்கள். மெயிலில் போகும் இணைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 3 எம்பி கோப்பு 4 எம்பி ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நாள் வரம்பு வைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இறக்காத மெயில்களின் உள்ளடக்கம் மேலே உள்ள தேடல் பெட்டியில் சிக்காது. எடிட், ஃபைண்ட், 'சர்ச் மெசேஜஸ்' போய், 'ரன் சர்ச் ஆன் சர்வர்' என்பதை டிக் செய்து தேடுங்கள்.

ஜிமெயிலில் மட்டும்

'அட்வான்ஸ்ட்' பொத்தானை அழுத்தினால் எந்தக் கோப்புறைகளை இறக்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். இன்பாக்ஸில் இருக்கும் மெயில் 'ஆல் மெயில்' உள்ளும் தெரியும். இரண்டையும் டிக் செய்தால் இடம் வீணாகலாம். ஆனால் ஆர்க்கைவ் செய்து லேபிள் இடாத மெயில்கள் 'ஆல் மெயில்' தவிர வேறெங்கும் இல்லை. அவை ஆஃப்லைனில் வேண்டுமென்றால் அந்த டிக்கை எடுக்காதீர்கள்.

ஐமேப் வழியாக நாளொன்றுக்கு 2,500 எம்பி வரைதான் இறக்க கூகுள் அனுமதிக்கிறது. 15 ஜிபி நிறைந்த கணக்கு முழுதாக இறங்க ஆறு நாளுக்குமேல் ஆகும். நடுவில் நின்றதும் ஏதோ கெட்டுவிட்டது என்று ப்ராபர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்தாதீர்கள். அது அந்தக் கோப்புறையின் நகலைக் கழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இறக்கத் தொடங்கும், அன்றைய அளவும் அதிலேயே தீரும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் உங்கள் டேட்டாவும்தான்.