ஒரு வருஷ டிசைன் புராஜெக்ட்களைத் திரும்பிப் பார்ப்பது எப்படி?

வருஷக் கடைசியில் கிராஃபிக் டிசைன் மாணவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: நன்றாக வந்த ஐந்தாறு வேலைகளை எடுத்து, மாக்கப்பில் (நிஜப் பொருளின் மேல் டிசைன் இருப்பதுபோல் காட்டும் படத்தில்) போட்டு, போர்ட்ஃபோலியோ பிடிஎஃப் ஆக்கிவிடுவார்கள். அது வேலை தேடுவதற்கு. உங்கள் கை எப்படிப் பழகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரிய வேண்டுமென்றால் சுமாராக வந்ததும் வாத்தியார் வேண்டாமென்று தள்ளியதும்தான் அதிகம் உதவும், அதனால் போர்ட்ஃபோலியோவுக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டு வாருங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று கிடக்கும் அத்தனையும், நோட்டில் கிறுக்கிய ஸ்கெட்ச்களின் போட்டோவும், கொடுத்த பிரீஃபும் (என்ன வேண்டும் என்று சொன்ன குறிப்பு) சேர்த்துத்தான். தேதி வாரியாக அடுக்குங்கள். ஃபைலைத் திறந்து சேவ் செய்திருந்தால் அதிலுள்ள தேதி மாறியிருக்கும், அப்போது மெயிலிலோ வாட்ஸப்பிலோ அனுப்பிய தேதியைப் பாருங்கள். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய டிசைன் மென்பொருள்கள் இரண்டிலும் பேக்கேஜ் என்று ஒரு வசதி இருக்கிறது, லிங்க் செய்த படங்களையும் எழுத்துருக்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும். கல்லூரி லைசன்ஸ் முடிவதற்குள் அதைச் செய்துவிட்டால் பின்னாளில் தலையில் கை வைக்க வேண்டியதில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் சின்னதாக, ஒரு ஏ4 தாளில் நாலைந்து வருகிற மாதிரி, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். நிறம் போனதும் எந்தத் தலைப்பு பின்னணியில் கரைந்துபோகிறது என்று உடனே தெரியும். வரிசையாகப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும்: கல்யாணப் பத்திரிகையிலிருந்து காபி பாக்கெட் வரை எல்லாமே நடுவில் சீரமைத்தது, எல்லாவற்றிலும் அதே ஃபான்ட், அதே கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைவது). ஒவ்வொன்றையும் வேலை கேட்டதா, கை தானாகப் போனதா என்று கேளுங்கள். கை தானாகப் போனவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

தமிழ் எழுத்து வருகிற வேலைகளுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள், நம் மாணவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். இருமொழி போஸ்டரில் ஆங்கிலத்தை வைத்து லேஅவுட் போட்டுவிட்டுத் தமிழை மிச்ச இடத்தில் திணித்திருப்பார்கள். தமிழ் வரி நீளும் என்பதால் சைஸைக் குறைத்திருப்பார்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் நசுக்கியிருப்பார்கள். நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து படுத்த கோடுகள் தடித்துத் தெரியும். கி, கீ மேலே ஏறும், மு, ஞ கீழே இறங்கும், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி இதற்குப் போதாது. ட்ராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை, அதிகமாகக் கூட்டினால் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாக விலகிப்போய் வாசிக்கவே தடுமாறும். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல் இருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்து பாருங்கள், ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்; முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் குற்றம் ஃபான்ட்டின் மேல் இல்லை, மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் வசதி) தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரிண்டுக்குப் போன வேலைகளில் சட்டென்று பார்க்க வேண்டியவை: 3 மிமீ பிளீட் (வெட்டும் ஓரத்துக்கு வெளியே நீட்டி விடும் பகுதி) இருந்ததா, திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் பளிச்சென்றிருந்த நீலம் அச்சுக்கான நான்கு மை சிஎம்ஒய்கேயில் மங்கியதா, சின்ன எழுத்துக்கு நான்கு மையும் கலந்த கறுப்பு போய்விட்டதா.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் நாலு வரி எழுதுங்கள். என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், கிரிட்டிக்குப் (வகுப்பில் வேலையை விமர்சிக்கும் அமர்வு) பிறகு எது மாறியது, எதைத் தூக்கிப் போட்டீர்கள். 'மாடர்னாக, மினிமலாக வடிவமைத்தேன்' என்பதெல்லாம் கணக்கில் வராது (யாரும் பழசாகத் தெரியட்டும் என்று டிசைன் செய்வதில்லை). 'தூரத்திலிருந்து தேதி தெரியவில்லை என்றார்கள், படத்தைப் பாதியாக்கித் தேதியைப் பெரிதாக்கினேன்' என்பது மாதிரி இருக்கட்டும். குழு வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று பிரித்து எழுதுங்கள். ஏஐ படம் பயன்படுத்தியிருந்தால் அதையும்.

வகுப்புக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமும் காட்டுங்கள், அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ பரவாயில்லை. 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'இது எதுக்கான விளம்பரம்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

சரி, கடைசியாக ஒரே ஒரு வேலையை மறுபடியும் செய்யுங்கள். ஆகச் சிறந்ததை எடுக்காதீர்கள், படுமோசமானதையும் வேண்டாம். யோசனை நன்றாக இருந்து செய்த விதம் சொதப்பிய ஒன்று. பழைய ஃபைலைத் திறக்காமல் பிரீஃபிலிருந்தே தொடங்குங்கள், சிவப்பு வட்டம் போட்ட எதையும் பயன்படுத்தாமல். முடிந்ததும் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போர்ட்ஃபோலியோவில் ஒரு பக்கமாகச் சேருங்கள், இன்டர்வியூவில் 'இது ஏன் மாறியது?' என்று கேட்டால் சொல்ல உங்களிடம் அந்த நாலு வரி இருக்கும்.